பீரோவுக்கு வைத்த சல்யூட்

செக்யூரிட்டி வேலைக்கு என்னென்ன திறமை வேண்டும் என்று கம்பெனியில் ஒரு நாள் வகுப்பு எடுப்பார்கள். கண் கூர்மையாக இருக்க வேண்டும், பேச்சில் பணிவும் கண்டிப்பும் சேர்ந்து இருக்க வேண்டும், தீயணைக்கும் சிலிண்டரில் எந்தப் பின்னைப் பிடுங்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும் என்று ஒரு பாட்டம் பாடிவிட்டு, ஆளுக்கொரு விசிலையும் தொப்பியையும் கையில் திணித்து அனுப்புவார்கள். கல்லூரியின் பெரிய கேட்டில் நின்ற ஸ்பிரிங்கைக் கேட்டால் அத்தனையும் வெட்டிப் பேச்சு என்பார். அவரைப் பொறுத்தவரை அந்த வேலைக்கு ஒரே ஒரு திறமை போதும். சல்யூட்.

ஸ்பிரிங் என்பது மாணவர்கள் வைத்த பேர். அந்தக் கேட்டில் குறுக்கே ஒரு நீளக் கம்பி உண்டு. அதன் பின்முனையில் கனமான இரும்புக் கட்டி கட்டியிருக்கும். இடது கையால் அந்த முனையை அழுத்தினால் முன்முனை விருட்டென்று மேலே போகும். அது போகிற வேகத்திலேயே அவருடைய வலது கையும் போய்ப் புருவத்தில் நின்று, ஒரு துடி துடித்து, அசையாமல் நிலைக்கும். கம்பியையும் கையையும் ஒரே கயிற்றில் கட்டியிருக்கிறார்களோ என்று தோன்றும். வீட்டில் ஆள் இல்லாத நேரம் பார்த்துக் கண்ணாடி முன்னால் நின்று பழகிய கை அது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் ஆளுக்குச் சல்யூட் வைக்கிறவர் இல்லை, வண்டிக்கு வைக்கிறவர். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று குனிந்து பார்ப்பது அவர் கணக்கில் மரியாதைக் குறைவு. அதற்கும் காரணம் இருந்தது. முன்பு அவரோடு நின்ற ஒருத்தன், வகுப்பில் சொன்னதை அப்படியே நம்பிய அப்பாவி, கல்லூரி முதல்வரின் வெள்ளைக் காரை நிறுத்திக் கண்ணாடியைத் தட்டி, "கார்டு காட்டுங்க சார்" என்று கேட்டுத் தொலைத்தான். மத்தியானச் சாப்பாட்டுப் பாத்திரத்தை அவன் திறக்கும் முன்னால் சீட்டு கிழிந்துவிட்டது. அன்றிலிருந்து அந்த வெள்ளைக் கார் தெருமுனையில் திரும்பும்போதே கம்பி மேலே போய்விடும். கார் வேகத்தைக் குறைக்கக்கூட வேண்டியதில்லை. அதன் கண்ணாடி கறுப்பு. இத்தனை வருஷத்தில் அதற்குப் பின்னாலிருந்து ஒரு தலையாட்டல்கூட வந்ததில்லை. அதனால் என்ன, சாமி சிலைகூடத்தான் தலையாட்டுவதில்லை என்று ஸ்பிரிங் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்வார்.

அவருக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. முதல்வர் அறை வாசலில் ஒரு நாற்காலி உண்டு. கை வைத்த நாற்காலி, மேலே மின்விசிறி. அதில் உட்கார்ந்திருந்த கிழவர் வேலையை விட்டுப் போகப்போகிறார் என்று பேச்சு. கேட்டில் நிற்கிறவர்கள் உட்காரக் கூடாது, உட்கார்ந்தால் யார் கண்ணிலாவது படும், பட்டால் திட்டு விழும். நின்று நின்று ஸ்பிரிங்கின் கெண்டைக்கால் நரம்புகள் சுருண்டு முடிச்சு முடிச்சாகப் புடைத்திருந்தன. வீட்டுக்கு வந்தால் காலைச் சுவரில் தூக்கி வைத்துக்கொண்டு படுப்பார். அந்த நாற்காலி மட்டும் கிடைத்தால் மிச்சக் காலத்தை ஓட்டிவிடலாம் என்று மனைவியிடம் சொல்லிச் சொல்லி அவளுக்குக் காது புளித்துவிட்டது.

மனைவி தையல்காரி. ஜன்னலோரம் மெஷினைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடச் சட்டைகளுக்குக் காலர் தைத்துக் கொடுப்பாள். அவளுக்கு ஒரு தம்பி. துணிக்கடையில் துணி மடித்துக்கொண்டிருந்தவன், கடையை மூடிவிட்டதும் பையைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தான்.

"உங்க கேட்ல ஒரு ஆள் குறையுதுன்னு சொன்னீங்கல்ல" என்றாள் மனைவி. மறுக்க வழியில்லை. ஸ்பிரிங் யார் யார் காலையோ பிடித்து மச்சினனுக்குத் தொப்பி வாங்கிக் கொடுத்தார். கொடுத்த நாளிலிருந்து அதைச் சொல்லிக் காட்டாத நாளும் இல்லை.

மச்சினனிடம் கடைப் புத்தி போகவில்லை. கார் வந்தால் குனிந்து உள்ளே இருப்பவர் முகத்தைப் பார்ப்பான், சிரிப்பான். "வாங்க சார், யாரைப் பார்க்கணும்?" என்பான். சல்யூட் வைக்கச் சொன்னால் ஈ ஓட்டுவது போல நெற்றிப் பக்கம் கையைக் கொண்டுபோவான். ஸ்பிரிங்குக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவன் ஒரு நாள் முதல்வர் வண்டியை நிறுத்தித் தன் நாற்காலிக்கு உலை வைக்கப்போகிறான் என்று பயந்தார். அதனால் வீட்டிலேயே பாடம் ஆரம்பித்தது.

பாடம் என்றால் சாதாரணப் பாடமா. சாப்பாடு முடிந்ததும் மச்சினனை இரும்பு பீரோவுக்கு முன்னால் நிறுத்துவார். அந்த பீரோதான் முதல்வர் கார். தான் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு, மனைவியின் மரஸ்கேலைக் கையில் வைத்துக்கொண்டு, திடீரென்று "வண்டி" என்பார். உடனே கை எழும்ப வேண்டும். கொஞ்சம் தாமதித்தால் முழங்கை எலும்பில் ஸ்கேல் விழும். பேச்சுக்கு நடுவில் "வண்டி" என்பார். அவன் தண்ணீர் குடிக்கும்போது "வண்டி" என்பார். ஒரு தடவை குடித்த தண்ணீர் மூக்கில் ஏறி இருமிக்கொண்டே சல்யூட் வைத்தான். ஸ்பிரிங் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு நிற்பதற்குள் இன்னொரு தடவை "வண்டி" என்றார்.

"போதும் விடுங்களேன், முழங்கை வீங்கியிருக்கு பாருங்க" என்றாள் மனைவி.

"வீங்கட்டும். உன் தம்பிக்கு மூளைக்கு ஏறாது. கைக்காவது ஏறட்டும்."

"பரவாயில்லக்கா. மாமா நல்லதுக்குத்தானே சொல்றாரு" என்றான் அவன். ஓசியில் சாப்பிடுகிறவன் வேறென்ன சொல்வான்.

கைக்கு ஏறியது. கொஞ்ச நாளில் "வண்டி" என்ற சொல் காதில் விழுந்ததும் அவன் என்ன நினைக்கிறான் என்பதற்கெல்லாம் காத்திராமல் கை தானாகப் புருவத்துக்குப் போக ஆரம்பித்தது. விருட்டென்று எழும்பி, ஒரு துடி துடித்து, நிலைத்தது. ஸ்பிரிங்கே கொஞ்சம் அசந்துதான் போனார். தன் கையைக் கழற்றி அவனுக்கு மாட்டிவிட்ட மாதிரி இருந்தது. வாய் திறந்து ஒரு நல்ல வார்த்தை மட்டும் சொல்லவில்லை.

விடுமுறைக்காலம். கல்லூரியில் ஈ காக்கை இல்லை. ஒரு மத்தியானம், வெயில் தாரை உருக்கிக்கொண்டிருந்தபோது, தெருமுனையில் அந்த வெள்ளைக் கார் திரும்பியது. ஸ்பிரிங் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு கம்பிப் பக்கம் போனார். மச்சினன் ஒரு எட்டு முன்னால் போய்க் கையை நீட்டினான்.

"மாமா, ஓட்டுறது பழைய டிரைவர் இல்ல. வேற ஆளு மாதிரி தெரியுது."

"அறிவிருக்காடா உனக்கு? ஐயா வண்டிடா அது. தள்ளு."

"ஒரு வார்த்தை கேட்டுட்டு விடலாமே மாமா."

ஸ்பிரிங் அவன் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். கம்பி மேலே போனது, கையும் போனது. அப்போதுதான் அந்த அதிசயம் நடந்தது. கறுப்புக் கண்ணாடி பாதி இறங்கியது. உள்ளேயிருந்து ஒரு கை எழும்பி, நெற்றியைத் தொட்டு, இறங்கியது. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகப் பதில் சல்யூட். ஸ்பிரிங்குக்கு உச்சி குளிர்ந்துபோனது. காரின் முன்கண்ணாடியில் கல்லூரி வில்லை வழக்கமான இடத்தில் ஒட்டியிருந்தது. வேறென்ன வேண்டும்.

கார் திரும்பி வந்தபோது அதன் பின்பக்கம் ரோட்டைத் தொடுகிற அளவுக்குத் தாழ்ந்திருந்தது.

"மாமா, டிக்கில ஏகப்பட்ட கனம் போகுது" என்றான் மச்சினன்.

"அவரு காலேஜு, அவரு வண்டி, அவரு டிக்கி. உனக்கு எங்க வலிக்குது?" என்றார் ஸ்பிரிங். இன்னொரு தடவை கம்பியைத் தூக்கி, முதல் தடவையைவிட அழகாக ஒரு சல்யூட் வைத்தார்.

அன்றைக்கு அவர் கால் வலியே தெரியாமல் வீட்டுக்கு நடந்தார். வந்ததும் வராததுமாக மனைவியின் மெஷினை நிறுத்தச் சொன்னார். "இன்னிக்கு ஐயா எனக்குப் பதில் சல்யூட் வச்சாரு. கண்ணாடிய இறக்கி வச்சாரு. நாற்காலி எனக்குத்தான்னு வை" என்றார். அவளும் சந்தோஷப்பட்டாள். தம்பி ஒரு மூலையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவனையும் சிரிக்கச் சொல்லி வற்புறுத்திச் சிரிக்கவைத்தார்.

மறுநாள் காலையில் பளபளவென்று ஒரு நீலக் கார் வந்தது. முன்பின் பார்த்திராத வண்டி. ஸ்பிரிங் கம்பியைத் தூக்கவில்லை. மார்பை நிமிர்த்திக்கொண்டு போய்க் கண்ணாடியைத் தட்டினார். "யாரு? எங்க போகணும்?" என்றார். கண்ணாடி இறங்கியது. உள்ளே முதல்வர். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"பழைய வண்டிய வித்து ஒரு வாரமாச்சு. இவங்களுக்கு யாரும் சொல்லலையா?" என்று முதல்வர் டிரைவரிடம் கேட்டார். டிரைவர் தலையைச் சொறிந்தான். கேட்டில் நிற்கிறவனுக்குப் போய் யார் சொல்வார்கள். முதல்வர் அந்த ஒரு வாரமும் ஊரிலேயே இல்லை. விற்ற காரில் ஒட்டியிருந்த வில்லையைப் பிய்க்க வேண்டும் என்றும் யாருக்கும் தோன்றவில்லை. சரியாக அந்த நேரத்தில், ஆய்வகத்துப் பொறுப்பாளர் தலைதெறிக்க ஓடி வந்தார். பூட்டு உடைந்திருந்தது, புதிதாக வந்த கம்ப்யூட்டர்களில் ஒன்றுகூட மிச்சமில்லை.

விசாரிக்கக் கம்பெனியின் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். அந்தக் கல்லூரிக்கே புதியவர். மாடிப்படிக்குக் கீழே இருந்த சின்ன அறையில் திரையைப் போட்டார்கள். முதல்வரும் வந்து ஒரு நாற்காலியில் உட்கார்ந்து கைபேசியை நோண்டிக்கொண்டிருந்தார். ஸ்பிரிங்கும் மச்சினனும் சுவரோரம் நின்றார்கள்.

கேட் கேமரா ரோட்டைப் பார்த்து மாட்டியிருந்தது. வெள்ளைக் காரின் மூக்கும் எண்ணும் நன்றாகத் தெரிந்தன. கம்பி மேலே போவது தெரிந்தது. திரையின் ஓரத்தில், முழங்கை வரைக்கும் நீலச் சீருடைச் சட்டை போட்ட ஒரு கை விருட்டென்று எழும்பி, துடித்து, நிலைத்தது. முகம் இல்லை. கார் வெளியே போகும்போதும் அதே கை.

"கேட்டைத் திறந்தது யாரு?" என்றார் அதிகாரி.

மச்சினன் ஸ்பிரிங்கைப் பார்த்தான். மாமா சொல்வார் என்றுதான் பார்த்தான். ஸ்பிரிங்கின் கண்ணில் அந்த நேரம் நாற்காலியின் இரண்டு கைகளும் மின்விசிறியும் தெரிந்தன.

"இவன்தான் சார். புதுசு, விவரம் பத்தாது. நான் தண்ணி குடிக்க உள்ள போயிருந்தேன்" என்றார்.

"மாமா" என்றான் அவன். பிறகு அதிகாரியின் பக்கம் திரும்பி, "நான் நிறுத்தத்தான் சார் போனேன். இவருதான் என்னை இழுத்து விட்டாரு" என்றான்.

அதிகாரி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு முதல்வரிடம், "சார், தினமும் உங்க வண்டிக்கு சல்யூட் வைக்கிறது இதுல யாரு? அந்தக் கை யாரோடதுன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே" என்றார்.

முதல்வர் கைபேசியிலிருந்து தலையைத் தூக்கினார். ஸ்பிரிங்கைப் பார்த்தார், மச்சினனைப் பார்த்தார். "தெரியலையே. எல்லாரும் ஒரே மாதிரிதானே இருக்காங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.

அந்த ஒரு வாக்கியம் ஸ்பிரிங்கைக் காப்பாற்றியது. அதுவே அவர் நெஞ்சில் ஏறி மிதிக்கவும் செய்தது. வெயில் மழை பார்க்காமல் வைத்த அத்தனை சல்யூட்டும் கறுப்புக் கண்ணாடிக்கு இந்தப் பக்கமே விழுந்து கிடந்திருக்கிறது என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அழ வேண்டும் போல இருந்தது. அழுதால் வேலை போய்விடும் என்பதால் அழவில்லை.

"சரி, கையை வச்சே பாத்துடுவோம். ரெண்டு பேரும் ஒரு தடவை சல்யூட் வச்சுக் காட்டுங்க" என்றார் அதிகாரி. "நீங்க முதல்ல."

ஸ்பிரிங் வலது கையைத் தூக்கினார். தோள் உயரத்துக்கு வந்ததும் பல்லைக் கடித்து முகத்தைச் சுளித்தார். கை நடுங்கி, கன்னத்துக்கு அருகில் எங்கேயோ நின்று, தொப்பென்று விழுந்தது. "தோள்பட்டை தேய்ஞ்சுபோச்சு சார். ரொம்ப நாளா இப்படித்தான்" என்றார். வாழ்நாளில் அவர் வைத்த சல்யூட்டுகளிலேயே கேவலமான சல்யூட் அது.

"நீ" என்றார் அதிகாரி.

மச்சினன் முட்டாள் இல்லை. விஷயம் அவனுக்குப் புரிந்துவிட்டது. துணிக்கடைக் கையை நினைவுபடுத்திக்கொண்டு, பழைய ஈ ஓட்டும் சல்யூட்டை வைக்கத்தான் நினைத்தான். கையை மெல்ல நகர்த்தினான். பக்கத்தில் நின்ற ஸ்பிரிங், தொண்டையைச் செருமுவது போலக் குனிந்து, அவன் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"வண்டி."

கை எழும்பியது. விருட்டென்று எழும்பி, புருவத்தில் நின்று, ஒரு துடி துடித்து, நிலைத்தது. திரையில் நிறுத்திவைத்திருந்த கைக்கும் அதற்கும் நூலிழை வித்தியாசம் இல்லை. மச்சினன் தன் கையைத் தானே வெறித்துப் பார்த்தான். அதை இறக்கக்கூட அவனுக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"தொப்பியக் கழட்டி வச்சுட்டுப் போ. போலீஸ் கூப்பிட்டா வரணும்" என்றார் அதிகாரி.

அவன் போனதும் ஸ்பிரிங் மூச்சை விட்டார். நாற்காலி விஷயத்தை எப்படி எடுக்கலாம் என்று யோசித்து, "ஐயா ரூம் வாசல்ல ஆள் தேவைப்படுதுன்னு பேச்சு" என்று ஆரம்பித்தார்.

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். "பெரிய மனுஷங்க வந்து போற இடம் அது. நெத்திக்குக் கையைத் தூக்க முடியாத ஆளை எப்படி அங்க போடுறது?"

"பாவம், வயசாயிடுச்சு. வேலைய விட்டு அனுப்ப வேண்டாம். பின்பக்க கேட்ல போடுங்க" என்றார் முதல்வர், தயாள குணத்தோடு.

பின்பக்க கேட் என்பது குப்பை போகும் வழி. இரண்டு தகரக் கதவு, ஒரு வேப்பமரம்கூட இல்லாத வெட்டவெளி, மூக்கைத் துளைக்கும் நாற்றம். உட்கார ஒரு கல் கிடையாது. திருட்டுக்குப் பிறகு அங்கேயும் ஒரு கேமரா மாட்டினார்கள். அது ரோட்டைப் பார்க்கவில்லை, நேராக ஸ்பிரிங்கின் மூஞ்சியைப் பார்த்தது.

வீட்டில் மச்சினன் பையை எடுத்துக்கொண்டு போயிருந்தான். மனைவி ஒரு வார்த்தை கேட்கவில்லை. காலர் மேல் காலராகத் தைத்துக்கொண்டே இருந்தாள். ஸ்பிரிங் அந்த மௌனத்தை மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டார். ஒரு சாயங்காலம் சுவரில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு படுத்திருந்தபோது அவள் மெஷினை நிறுத்தினாள்.

"அன்னிக்கு ஐயா உங்களுக்குப் பதில் சல்யூட் வச்சாருன்னு சொன்னீங்கல்ல. எந்தக் கையால வச்சாரு?"

"வலது கைதான்" என்றார் அவர், யோசிக்காமல்.

"தண்ணி குடிக்கப் போன இடத்துல இருந்தே அது தெரிஞ்சுதா?"

"இல்ல, தோள் வலியில..." என்று என்னவோ சொல்ல வந்தார்.

"வீட்லயுமா தோள் வலிக்குது?" என்று கேட்டுவிட்டு அவள் மரஸ்கேலை எடுத்தாள். அடிக்கப்போகிறாள் என்று அவர் நினைத்தார். அடித்திருந்தால் தேவலை. அவள் அதை ஜன்னல் வழியாகத் தெருவில் எறிந்துவிட்டு மெஷினை மிதிக்க ஆரம்பித்தாள். அதன் பிறகு அவள் அவரோடு பேசியது சாப்பிடக் கூப்பிடுவதற்கு மட்டும்தான்.

திருட்டுக் கேசில் பேர் அடிபட்டவனுக்கு வேறெந்தக் கேட்டிலும் தொப்பி கிடைக்கவில்லை. மச்சினன் கிடைத்த வேலையில் ஒட்டிக்கொண்டான். கிடைத்தது குப்பை லாரி. அந்த லாரிதான் தினமும் கல்லூரியின் பின்பக்கத்துக்கு வரும்.

முதல் நாள் அவனை லாரியின் பின்பலகையில் பார்த்ததும் ஸ்பிரிங் முகத்தைத் திருப்பிக்கொண்டார். லாரி தகரக் கதவுக்கு முன்னால் வந்து நின்றது. அவன் கையுறையைக் கழற்றவில்லை. சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. லாரிக் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றான்.

"வண்டி, மாமா" என்றான்.

அவன் கை எழும்பிப் புருவத்தில் நின்றது. ஸ்பிரிங் சொல்லிக் கொடுத்த அதே சல்யூட், அதே துடிப்பு. ஸ்பிரிங்கின் வலது கையும் அவரைக் கேட்காமலே பாதி தூரம் எழும்பிவிட்டது. நெற்றிக்குக் கை எழும்பாத ஆளை எதிரே கேமரா பார்த்துக்கொண்டிருந்தது. அவர் பதறிப்போய் அந்தக் கையை இடது கையால் எட்டிப் பிடித்தார். கதவைத் திறக்கக் கை மிச்சமில்லை. லாரி டிரைவர் ஹாரனை அடித்துவிட்டு, "யோவ், தூங்குறியா?" என்று கத்தினான். மச்சினன்தான் இறங்கி வந்து கதவைத் திறந்தான். லாரி நாற்றத்தோடு உள்ளே போய் மறையும்வரை ஸ்பிரிங் தன் வலது கையை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

லாரி மறுநாளும் வந்தது.